அரச இணைய வடிகட்டல்: அவுஸ்திரேலிய விவாதம்

அரசு தயாரிக்கும் பட்டியலிலுள்ள இணையத்தளங்களை இணையச் சேவை வழங்குநர் கட்டாயமாகத் தடுப்பதே அரச இணைய வடிகட்டல் எனப்படும். 2007 இல் அவுஸ்திரேலியாவில் பதவியேற்ற தொழிற்கட்சி அரசு இதனைக் கொண்டுவர முயன்றது. அமைச்சர் ஸ்டீபன் கொன்றோய் கூறிய காரணம் சிறுவர் பாதுகாப்பு. அந்நோக்கத்தை எதிர்த்தரப்பினரும் மறுக்கவில்லை. மாணவர் பலர் விடையில் தவறவிடுவது இதனையே.

பட்டியல்தான் சிக்கலானது. அது இரகசியமானது. தவறாகச் சேர்க்கப்பட்டவர் அதனை எவ்வாறு அறிவார், யாரிடம் முறையிடுவார்? 2009 மார்ச்சில் விக்கிலீக்ஸ் வெளியிட்ட பட்டியலில் குயின்ஸ்லாந்துப் பல் வைத்தியர் ஒருவரின் தளமும் காணப்பட்டது! தவிர, பதிலிச் சேவையகம் மூலம் வடிகட்டியைச் சுற்றிச்செல்வதும் எளிது.

2012 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. பதிலாக, இன்ரபோல் பட்டியலிலுள்ள சிறுவர் துஷ்பிரயோகத் தளங்களை மட்டும் 1997 ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 313 ஆம் பிரிவின்கீழ் தடுக்க முடிவாயிற்று.

ஆனால் 2013 இல், முதலீட்டு மோசடித் தளமொன்றை முடக்க அதே பிரிவு பயன்படுத்தப்பட்டது. தடுக்கப்பட்டது தளத்தின் பெயரன்று, அதன் ஐ.பி. முகவரி. ஒரே சேவையகத்திலுள்ள பல தளங்கள் ஒரு முகவரியைப் பகிர்வதுண்டு. ஆகவே குற்றமற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட தளங்களும் சேர்ந்து முடங்கின. அவற்றுள் ஒன்று, இலவச வகுப்புகள் நடத்தும் மெல்பேர்ண் ஃபிரீ யுனிவர்சிட்டியின் தளம்.