வீட்டு மேசையிலே ஒரு கம்பியூட்டர் பயிற்சிக்கூடம்

நமது தோட்டங்களில் ஓ.எல்., ஏ.எல். எழுதி முடித்த பிள்ளைகள் பலர் "கம்பியூட்டர் படிக்கணும்" என்று சொல்கிறார்கள். அது என்ன படிப்பு, எவ்வளவு செலவாகும், முடித்தால் வேலை கிடைக்குமா என்பது பெற்றோருக்குத் தெரிவதில்லை. டவுனில் ஒட்டியிருக்கும் நோட்டீசைப் பார்த்துவிட்டு, காதில் கழுத்தில் கிடப்பதை அடகு வைத்துப் பணம் கட்டிவிடுகிறோம். சில மாதம் கழித்துப் பிள்ளை ஒரு சான்றிதழோடு வருகிறது. ஆனால் பழுதான ஒரு கம்பியூட்டரை முன்னால் வைத்தால் கை ஓடுவதில்லை. வேலைக்குப் போன இடத்தில், "நீ என்ன செய்து பார்த்திருக்கிறாய்?" என்று கேட்டால் பதில் வருவதில்லை.

இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. முதலில் வீட்டிலேயே சின்னப் பயிற்சிக்கூடம் ஒன்றை அமைத்துக் கை பழக்குவது; பரீட்சைக் கட்டணத்தைக் கடைசியில் கட்டுவது. அதை எப்படிச் செய்யலாம் என்பதை இங்கே விளக்குகிறோம்.

கை பழக வேண்டிய தொழில்

இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் கொழுந்தெடுக்க விரல் பழகுவதற்கு மாதக் கணக்காகும். கம்பியூட்டர் திருத்துவது, பல கம்பியூட்டர்களை வலையமைப்பாக இணைப்பது, அலுவலகங்களின் சேர்வரைப் பராமரிப்பது எல்லாமே இப்படிக் கை பழகிச் செய்யும் வேலைகள்தான்.

என்னென்ன வேண்டும்?

புதிய மடிக்கணினி கட்டாயமில்லை. பாவித்த மேசைக் கம்பியூட்டர் ஒன்று போதும். வாங்கும்போது 64 பிட் உள்ளதா, 8 ஜீ.பி. ரெம் இருக்கிறதா என்று பாருங்கள். மென்பொருளுக்குப் பணம் வேண்டாம். பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் இலவசம். உலகத்தின் பெரும்பாலான சேர்வர்கள் அதில்தான் ஓடுகின்றன.

வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற மென்பொருளும் இலவசம். ஒரு காம்பராவுக்குள் தட்டி வைத்து இரண்டு மூன்று குடும்பம் இருப்பதை நாம் அறிவோம். அதேபோல வேர்ச்சுவல்பொக்ஸ் ஒரே கம்பியூட்டருக்குள் மூன்று நான்கு கம்பியூட்டர்களை இருத்தும். ஒவ்வொன்றுக்கும் 1 ஜீ.பி. ரெம் கொடுத்தால் சிறிய லினக்ஸ் ஓடும். ஒன்றைக் கெடுத்துவிட்டால் அழித்துவிட்டுத் திரும்பப் போடலாம், காசு நட்டமில்லை. வேர்ச்சுவல்பொக்ஸ் ஓட மறுத்தால், பயோஸ் பகுதிக்குள் போய் வேர்ச்சுவலைசேஷன் என்பதைத் திறந்துவிட வேண்டும்.

தோட்டத்தில் சிக்னல் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். டவுனுக்குப் போகும்போது இவற்றைப் பென் டிரைவில் இறக்கிக்கொண்டு வந்தால், பிறகு இணையம் இல்லாமலேயே நீண்ட நாள் பழகலாம்.

லயமும் காம்பராவும்

எதைப் பழகுவது? முதலில் கம்பியூட்டரைக் கழற்றிப் பூட்டிப் பழகுங்கள். அடுத்து லினக்ஸைப் போடப் பழகுங்கள். மூன்றாவதாக இரண்டு கம்பியூட்டர்களைப் பேச வையுங்கள்.

வலையமைப்பில் ஒவ்வொரு கம்பியூட்டருக்கும் ஐ.பி. விலாசம் என்று ஒன்று உண்டு. 192.168.10.1 என்பது அப்படியொரு விலாசம். இதோடு 255.255.255.0 என்ற மறைப்பெண்ணைக் கொடுத்தால், முதல் மூன்று எண்கள் லயத்தின் இலக்கம், கடைசி எண் காம்பரா இலக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 192.168.10.1உம் 192.168.10.2உம் ஒரே லயத்துக் காம்பராக்கள். ஒன்று கூப்பிட்டால் மற்றதுக்குக் கேட்கும். 'பிங்' என்ற கட்டளையைக் கொடுத்தால் பதில் வரும்.

இப்போது வேண்டுமென்றே இரண்டாவதன் விலாசத்தை 192.168.20.2 என்று மாற்றுங்கள். பதில் நின்றுவிடும். ஏன்? அது வேறு லயத்துக்குப் போய்விட்டது. இங்கே கூப்பிட்டால் அங்கே கேட்காது. நடுவில் செய்தி கொண்டுபோக ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ரவுட்டர். மூன்றாவது கம்பியூட்டர் ஒன்றுக்கு இரண்டு வலையட்டை கொடுத்து, ஒரு காலை 10ஆம் லயத்திலும் மற்றக் காலை 20ஆம் லயத்திலும் வையுங்கள். செய்திகளைக் கடத்திவிடும்படி அதற்குக் கட்டளையிடுங்கள். மற்ற இரண்டுக்கும் "வெளியே போக இவரிடம் கொடு" என்று ரவுட்டரின் விலாசத்தைச் சொல்லிவையுங்கள். மறுபடி பதில் வரும்.

இந்த ஒரு பாடத்தைக் கையால் செய்த பிள்ளைக்கு, புத்தகத்தில் பல பக்கம் வரும் விசயம் மறக்காது. கெடுத்துப் பார்ப்பதும் திருத்துவதும்தான் பயிற்சி.

ஒரு கொப்பி கட்டாயம் வையுங்கள். இன்று என்ன செய்தேன், திரையில் என்ன பிழைச் செய்தி வந்தது, எப்படித் திருத்தினேன் என்று திகதி போட்டு எழுதுங்கள். பிழைச் செய்தியில் வரும் ஆங்கிலச் சொற்களையும் அர்த்தத்தோடு எழுதினால் ஆங்கிலமும் கூடவே வரும். நேர்முகப் பரீட்சையில் "என்ன செய்து பார்த்தாய்?" என்ற கேள்விக்கு இந்தக் கொப்பிதான் பதில்.

கரண்ட் விசயத்தில் கவனம்

பழைய லயங்களில் வயரிங் பலவீனமானது. கேத்தல், ஹீட்டர் குத்தியிருக்கும் அதே மல்டி பிளக்கில் கம்பியூட்டரைக் குத்த வேண்டாம். இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. கழற்றிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். திரையோடு சேர்த்து 100 வாட் இழுக்கும் கம்பியூட்டரைத் தினம் 3 மணித்தியாலம் போட்டால், மாதம் 9 யூனிட் ஆகும்.

பரீட்சையும் பணமும்

கை பழகிய பிறகு சான்றிதழைப் பற்றி யோசிக்கலாம். கம்பியூட்டர் திருத்துதலுக்கு கொம்ப்டியா ஏ பிளஸ் என்ற சர்வதேசச் சான்றிதழ் உண்டு. அதற்கு இரண்டு வினாத்தாள். ஒவ்வொன்றும் 90 நிமிடம். வலையமைப்புக்கு சிஸ்கோ கம்பனியின் சீ.சீ.என்.ஏ. உண்டு, ஒரே பரீட்சை, 120 நிமிடம். இரண்டு சான்றிதழும் மூன்று வருடத்துக்குத்தான் செல்லுபடியாகும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

சீ.சீ.என்.ஏ. கட்டணம் 300 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் 90,000 ரூபா. 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தால் 66 நாளுக்கு மேற்பட்ட உழைப்பு. பெயில் ஆனால் திரும்பவும் முழுக் கட்டணம். அதனால்தான் கடைசியில் கட்டுங்கள் என்கிறோம். பரீட்சையில் வரும் விடயங்களின் பட்டியலை அந்தந்தக் கம்பனிகளே இலவசமாக வெளியிடுகின்றன. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் வீட்டில் செய்து பார்த்து அடையாளம் போடுங்கள். எல்லாவற்றுக்கும் அடையாளம் விழுந்த பிறகு பணம் கட்டலாம். சிஸ்கோ 1997இல் தொடங்கிய நெட்வேர்க்கிங் அகடமியில் பதிவுசெய்தால், ரவுட்டர், சுவிட்ச் வாங்காமலே பழகிப் பார்க்கும் பெக்கட் ட்ரேசர் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும்.

டொலர் கட்ட முடியாதவர்களுக்கு நமது நாட்டிலேயே என்.வீ.கியூ. என்ற தேசிய தொழிற் தகைமை இருக்கிறது. இதில் ஏழு மட்டங்கள். 2 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். வகுப்புக்குப் போகாமல் வேலை செய்தே பழகியவர்களும், முன் கற்றலை அங்கீகரிக்கும் முறையில் கைத்திறனைக் காட்டி இந்தத் தகைமையைப் பெறலாம். அங்கேயும் வீட்டுப் பயிற்சியும் கொப்பியும் உதவும்.

ஏமாறாதிருக்க

தனியார் நிலையத்துக்குப் போனால் மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிலையம் பதிவாகி இருக்கிறதா? இந்தப் பாடநெறிக்கு என்.வீ.கியூ. அங்கீகாரம் இருக்கிறதா? நிலையம் பதிவாகி, பாடநெறிக்கு அங்கீகாரம் இல்லாமலும் இருக்கலாம். மூன்றாவது, வாரத்தில் எத்தனை மணித்தியாலம் பிள்ளையின் கை கம்பியூட்டரில் இருக்கும்? பதில் தெளிவாக வராவிட்டால் பணத்தை எடுக்காதீர்கள்.

"பரீட்சையில வர்ற கேள்வியையே தர்றோம்" என்று சிலர் விற்பார்கள். வாங்காதீர்கள். பிடிபட்டால் பெறுபேறு ரத்தாகும், இனிமேல் எழுதவும் தடை வரலாம். பிடிபடாவிட்டாலும் கைக்கு ஒன்றும் தெரியாது.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சான்றிதழ் எடுத்த உடனே கொழும்பில் பெரிய சம்பளம் என்று நினைக்க வேண்டாம். டவுனில் ஒரு திருத்தும் கடையில் தொடங்கினாலும் அது நல்ல தொடக்கமே. ஆனால் அதற்குத் தினமும் இரண்டு மணித்தியாலம் பிள்ளைக்குத் தடங்கலில்லாமல் கிடைக்க வேண்டும். மகன் உட்கார்ந்தால் "படிக்கிறான்" என்கிறோம். மகள் உட்கார்ந்தால் தண்ணீர் எடுக்கவும் அடுப்புப் பார்க்கவும் கூப்பிடுகிறோம். அந்த இரண்டு மணித்தியாலத்தை மகளுக்கும் விட்டுக்கொடுப்போம்.