அரசு சொன்ன நாளும் நிலவு சொன்ன நாளும்

2021 மார்ச் 28, ஞாயிற்றுக்கிழமை. பௌர்ணமி. தமிழ்நாட்டு முருகன் கோயில்களில் பங்குனி உத்திரம். மறுநாள் திங்கட்கிழமை, ஆறு நாளாக சூயஸ் கால்வாயை அடைத்துக் கிடந்த எவர் கிவன் கப்பல் விடுபட்டது. இழுவைப் படகுகளும் தூர்வாரும் கப்பல்களும் இரவு பகலாகப் பாடுபட்டன. அதோடு, பௌர்ணமியை ஒட்டி ஏறிய பெரிய ஓதமும், அதாவது கடல்மட்ட ஏற்றமும், கப்பலைத் தூக்கிக் கொடுத்தது.

அதே திங்கட்கிழமை இங்கிலாந்தில் 'வீட்டிலேயே இருங்கள்' என்ற கொரோனாக் காலக் கட்டளை விலகியது. ஆறு பேர் வரையோ, இரண்டு குடும்பங்களாகவோ திறந்தவெளியில் கூடலாம் என்றானது. மூன்று மாதமாகப் படகைத் தொடாமல் இருந்தவர்கள் பகல் பயணத்துக்குக் கிளம்பலாம். அரசு அந்தத் தேதியைத் தொற்று எண்ணிக்கையையும் தடுப்பூசிக் கணக்கையும் பார்த்துக் குறித்தது. கடல் அந்த வாரம் எப்படி இருக்கும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்தக் கணக்கைப் போட வேண்டியவர் படகோட்டிதான்.

போட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? பௌர்ணமி 28ஆம் தேதி. நிலவு பூமிக்கு மிக அருகில் வந்தது 30ஆம் தேதி. சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேரே நின்று பத்து நாள்கூட ஆகவில்லை. மூன்றும் கூடினால் ஓதம் மிகப் பெரிதாக இருக்கும், நீரோட்டமும் அதற்கேற்ற வேகத்தில் ஓடும். பிரிட்டனின் கரையில் பெரிய ஓதம் பௌர்ணமி, அமாவாசைக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். ஆக, கட்டுப்பாடு விலகிய அந்த வாரம், ஆண்டிலேயே நீரோட்டம் கடுமையாக இருக்கும் வாரங்களில் ஒன்று.

நம் கரையில் வளர்ந்தவர்களுக்கு இது சற்று விளங்காமல் போகலாம். சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைச் சுற்றியே இருக்கும். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நடுவே உள்ள பிரிஸ்டல் கால்வாயில் அது 12 மீட்டரைத் தாண்டும். நான்கு மாடி உயரம். காலையில் படகு மிதந்த இடத்தில் மதியம் சேறுதான் இருக்கும். அங்கே கடலோரப் பயணத்துக்குத் திட்டமிடுவதென்றால், காற்றைப் பார்ப்பதற்கு முன்பே தண்ணீர் எந்த மணிக்கு எந்தப் பக்கம் ஓடும் என்று பார்ப்பது.

ஓதம் ஒரே சீராக ஏறாது. தாழ்விலிருந்து உச்சத்துக்கு ஆறு மணி நேரம் எடுக்கிறது, மொத்த ஏற்றம் 4.8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பன்னிரண்டு பங்காக்கினால் ஒரு பங்கு 0.4 மீட்டர். முதல் மணியில் ஒரு பங்கு ஏறும், இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, ஐந்தில் இரண்டு, ஆறில் ஒன்று. நடு இரண்டு மணி நேரத்திலேயே பாதி ஏற்றம் முடிந்துவிடும். பொதுவாக நீரோட்டம் வேகமாக ஓடுவதும் அப்போதுதான். ஆனால் இங்கிலாந்தின் தென்கரையில் சவுத்தாம்ப்டன், பூல் பக்கம் இந்தக் கணக்கு எடுபடாது. அங்கே உயர் ஓதம் இரட்டை. தண்ணீர் ஏறி, லேசாக இறங்கி, மறுபடி ஏறும். எந்தக் கடலுக்குப் போனாலும் அந்த ஊருக்கென்று அச்சிட்ட ஓத அட்டவணையைப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

அட்டவணையிலும் ஒரு பொறி இருக்கிறது. அதில் பெரும்பாலும் கிரீன்விச் நேரம்தான் அச்சாகியிருக்கும். கோடை நேரம் வந்ததும் ஒரு மணியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 2021இல் பிரிட்டன் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது அதே மார்ச் 28 அதிகாலையில். குளிர்காலம் முழுக்கக் கூட்டாமல் படித்துப் பழகிய கண்கள், விடுதலை கிடைத்த முதல் நாளே கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் ஒரு வழித்தடத்தில் வைத்துப் பார்ப்போம். லிமிங்டன், வைட் தீவுக்கு எதிரே தென்கரையில் இருக்கும் சின்னத் துறைமுகம். அங்கிருந்து மேற்கே பூல் துறைமுகம் சுமார் 20 கடல்மைல். 30 அடிப் பாய்மரப் படகு மணிக்கு 5 கடல்மைல் போகும் என்றால் நான்கு மணி நேரப் பயணம். ஒரு நாளில் போய்வரக் கூடிய தூரம்தான் என்று தோன்றும்.

வழியில் ஹர்ஸ்ட் என்ற இடத்தில் கடல் குறுகுகிறது. எட்டாம் ஹென்றி கட்டிய கோட்டை அங்கே நீண்ட கூழாங்கல் திட்டின் நுனியில் நிற்கிறது. கடல் அடித்தளத்தை அரித்ததில் அந்தக் கோட்டையின் கிழக்குச் சுவரில் ஒரு பகுதி 2021 பிப்ரவரியில்தான் இடிந்து விழுந்தது. அவ்வளவு வலுவான நீர். பெரிய ஓதத்தின்போது அந்த இடுக்கில் தண்ணீர் மணிக்கு 4 கடல்மைலுக்கும் மேல் ஓடும். வற்றும்போது ஓட்டம் மேற்கு நோக்கி. பூலுக்குப் போகிறவருக்கு அது ஓசியில் கிடைக்கும் தள்ளுவிசை. ஐந்தோடு நான்கு சேர்ந்து ஒன்பது.

அங்கே வழக்கமாக வீசுவது தென்மேற்குக் காற்று. மேற்கே பாயும் நீரும் மேற்கிலிருந்து வரும் காற்றும் முட்டினால் அலைகள் செங்குத்தாக எழும். ஹர்ஸ்டைத் தாண்டியதும் ஷிங்கிள்ஸ் என்ற கூழாங்கல் மேடு நீருக்கடியில் பரந்து கிடக்கிறது. அதன் மேல் அலை உடையும். பார்த்துப் பயந்து திரும்பலாம் என்றால், இப்போது கணக்கு தலைகீழ். ஐந்தில் நான்கு போக மிச்சம் ஒன்று. எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டினாலும் நடந்து போகிறவர் படகை முந்திவிடுவார்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். திரும்பிவருவதா என்ற முடிவை ஹர்ஸ்டுக்கு இந்தப் பக்கமே எடுத்துவிட வேண்டும். எந்தக் கடலோரப் பயணத்திலும் இப்படி ஓர் இடம் இருக்கும், அதைத் தாண்டினால் திரும்பி வருவது கடினம். புறப்படுவதற்கு முந்தின இரவே வரைபடத்தில் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, "இங்கே வரும்போது காற்று இவ்வளவுக்கு மேல் இருந்தால் தீவின் யார்மத்துக்கு ஒதுங்குவோம்" என்று எழுதி வைப்பவர் நல்ல திட்டக்காரர். அலைக்கு நடுவே, குமட்டலோடு, உடன் வந்தவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எடுக்கும் முடிவு பெரும்பாலும் தாமதமான முடிவு.

ஒதுங்குமிடத்துக்குத் தொற்றுக்காலம் இன்னொரு கேள்வியைச் சேர்த்தது. அந்தத் துறைமுகம் திறந்திருக்கிறதா? உயிருக்கு ஆபத்து என்றால் எந்தத் துறைமுகமும் அடைக்கலம் தரும். சும்மா இளைப்பாற ஒதுங்குவது வேறு. வழக்கமாக இடம் போதாவிட்டால் ஒரு படகின் பக்கத்தில் இன்னொன்றைக் கட்டி, முதல் படகின் தளத்தின் மேல் ஏறித்தான் கரைக்குப் போவார்கள். தொற்றுக்காலத்தில் அடுத்த குடும்பத்தின் தளத்தில் காலை வைப்பதே சங்கடம். எனவே ஒவ்வொரு துறைக்கும் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்க வேண்டியிருந்தது. எல்லைகளும் தனித்தனி. பிரிஸ்டல் கால்வாயின் இங்கிலாந்துக் கரையில் நிற்பவர் கண்ணுக்கு எதிரே வேல்ஸ் கரை தெரியும். ஆனால் மற்றப் பகுதிகளிலிருந்து பயணம் வருவதற்கு வேல்ஸ் ஏப்ரல் 12 வரை அனுமதிக்கவில்லை.

இங்கிலாந்திலும் இரவுத் தங்கலுக்கு அந்த ஏப்ரல் 12தான். ஒரே குடும்பத்தினர், சமையலும் கழிப்பறையும் படுக்கையும் தமக்கென உள்ள இடத்தில் தங்கலாம் என்று விதி வந்தது. அந்த வசதியுள்ள படகும் அதில் அடங்கியது. நண்பர்களோடு கேபினுக்குள் தூங்க மே 17 வரை பொறுக்க வேண்டும், ஏனென்றால் தொற்று விதிப்படி தளம் திறந்தவெளி, கேபின் உள்ளறை. மழை வந்தால் யார் உள்ளே போவது என்பதுகூடப் பயணத் திட்டத்தில் ஒரு வரியானது.

மார்ச் 30 அன்று லண்டன் கியூ தோட்டத்தில் வெயில் 24.5 டிகிரியைத் தொட்டது. 1968க்குப் பிறகு அவ்வளவு சூடான மார்ச் நாள் பிரிட்டனில் வந்ததில்லை. சட்டையைக் கழற்றிவிட்டுப் படகில் உட்காரத் தோன்றும் வெயில். கடல் நீரோ 10 டிகிரியைச் சுற்றித்தான் இருந்தது. மார்ச்சில்தான் அந்தக் கடல் ஆண்டிலேயே மிகக் குளிர்ந்து கிடக்கும். சூடேற ஆகஸ்ட், செப்டம்பர் ஆகும். 15 டிகிரிக்குக் கீழான நீரில் திடீரென்று விழுந்தால் உடம்பு தானாக மூச்சை இழுக்கும், அந்த மூச்சில் தண்ணீர் உள்ளே போகலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இதே கதிதான். முதல் ஒன்றிரண்டு நிமிடம் நீந்த முயலாமல் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள் என்று அந்நாட்டு உயிர்காப்புப் படகு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ. சொல்வது இதனால்தான்.

அதனால் லைஃப் ஜாக்கெட் முதலில். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்ததைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வையுங்கள். உள்ளே கட்டைவிரல் பருமனில் ஓர் உலோகக் குப்பி இருக்கும், அதில் கரியமில வாயு. அதைத் திருகிக் கழற்றிச் சமையலறைத் தராசில் வையுங்கள். எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று குப்பியிலேயே பொறித்திருக்கும். குறைந்தால் வாயு கசிந்திருக்கிறது, மாற்ற வேண்டும். பிறகு வாயால் ஊதி, இரவு முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் தொட்டுப் பார்த்தால் தலையணைபோல் விறைப்பாக இருக்க வேண்டும். செலவே இல்லாத சோதனை இது.

அடுத்தது எஞ்சின். கடல்நீரை உறிஞ்சி எஞ்சினைக் குளிர்விக்கும் பம்புக்குள் ரப்பர் இதழ்கள் கொண்ட சின்னச் சக்கரம் ஒன்று சுழலும், இம்பெல்லர் என்பார்கள். ஓடாமல் கிடந்தால் சில இதழ்கள் மடங்கிய நிலையிலேயே இறுகி வெடிப்பு விடும். துறையில் ஓட்டிப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. ஹர்ஸ்ட் இடுக்கில் முழு வேகம் கேட்கும்போது இதழ் பிய்ந்து, எஞ்சின் சூடேறி நின்றுவிடும். அடிப்பாகத்தில் ஒட்டிய பாசியும் கொட்டலசுகளும் வேகத்தைத் தின்னும். 5 கடல்மைல் போன படகு 4 போனால், மேலே போட்ட கணக்கு மொத்தமும் தப்பு.

எஞ்சின் நின்றால் கயிறு கட்டி இழுத்துவர யாரோ வர வேண்டும். ஆர்.என்.எல்.ஐ. 1824இல் தொடங்கியது. அதன் படகுகளில் வருபவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். மீன் கடை வைத்திருப்பவர், ஆசிரியர், தச்சர். அழைப்பு வந்தால் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். தொற்றுக்காலத்தில் அவர்கள் சின்னப் படகில் தோளோடு தோள் உட்கார்ந்து, முன்பின் தெரியாத குடும்பத்தை மீட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ஒரு சின்ன ரப்பர் சக்கரத்தைப் பார்க்காமல் விட்டதற்கு அவர்கள் வீட்டுப் பெரியவர் நோய்வாய்ப்படக் கூடாது. சட்டம் அனுமதித்தும் சிலர் அந்த வசந்தத்தில் பாதி தூரமே போய்வந்தார்கள். அவர்கள் செய்ததுதான் சரி என்று நினைக்கிறேன்.

வானிலை அறிக்கையைக் கேட்கவும் பழக வேண்டும். கடல் பகுதிகளுக்கான பிரிட்டன் அறிக்கையில் புயல் எச்சரிக்கைக்குரிய சொற்களுக்கு நேரக் கணக்கு உண்டு. 'உடனடி' என்றால் ஆறு மணி நேரத்துக்குள், 'விரைவில்' என்றால் ஆறிலிருந்து பன்னிரண்டு, 'பிற்பாடு' என்றால் அதற்கும் அப்பால். கடற்படை அதிகாரி ராபர்ட் ஃபிட்ஸ்ராய் 1861இல் தொடங்கிய புயல் எச்சரிக்கையின் வழித்தோன்றல் இது. காற்றின் வேகம் இரட்டித்தால் பாயின் மேல் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். கை பழக்கம் விட்டுப்போன முதல் பயணத்தில் பாயைச் சுருக்கியே கிளம்பலாம்.

மேற்கே போனவர்களுக்கு அந்த ஆண்டு ஒரு விசித்திரக் காட்சியும் கிடைத்தது. வேமத் விரிகுடாவில், பயணிகள் இல்லாத உல்லாசக் கப்பல்கள் நங்கூரமிட்டு வரிசையாக நின்றன. இரவில் ஒரு நகரம்போல் விளக்கு எரியும். பூலுக்குப் பக்கத்திலுள்ள ஸ்டட்லண்ட் விரிகுடாவில் படகுகள் கூட்டமாகக் கூடியதும் கவலை தந்தது. அங்கே கடற்புல் படுகையில் கடற்குதிரைகள் வாழ்கின்றன. 2019இல் அது பாதுகாப்பு மண்டலமானது. நங்கூரம் ஒவ்வொரு முறையும் புல்லை வேரோடு பிடுங்குகிறது என்பதால், 2021 டிசம்பரில் தாமாகவே நங்கூரம் போடாமல் விலகும் பகுதி ஒன்றை வகுத்தார்கள்.

பிரிட்டனில் 2002 ஜூலையிலிருந்து சிறு உல்லாசப் படகுக்கும் பயணத் திட்டம் கட்டாயம். வானிலை, ஓதம், படகின் வரம்பு, உடன் வருபவர்களின் திறமை, வழியில் உள்ள ஆபத்து, மாற்று ஏற்பாடு, கரையில் தகவல் அறிந்த ஒருவர். கடைசியில் சொன்னவர்தான் பலரும் மறந்துவிடுபவர். அவரிடம் தர வேண்டியது ஒரு தாள். படகின் பெயரும் நிறமும், யார் யார் போகிறார்கள், எங்கே, எத்தனை மணிக்குச் சேர்வோம், எத்தனை மணி வரை தகவல் இல்லாவிட்டால் 999ஐ அழைத்துக் கடலோரக் காவல்படையைக் கேட்க வேண்டும் என்ற நேரம். அந்த நேரத்தைத் தடித்த எழுத்தில் எழுத வேண்டும். பூல் துறையில் கயிற்றைக் கட்டியதும், தேநீருக்குத் தண்ணீர் வைப்பதற்கு முன், அவருக்குத்தான் முதல் போன்.