அரிக்காத சிரங்கு

என் நான்காம் வகுப்பில் டவுன் சிண்ட்ரோம் உள்ள மாணவன் ஒருவன் படித்தான். அவன் உள்ளங்கையிலும் முழங்கையிலும் சாம்பல் நிறத்தில் தடித்த செதில்கள், நகங்களும் தடித்திருந்தன. காளாஞ்சகப்படை என்று எண்ணி, மருந்துக்கடையில் வாங்கிய ஸ்டீராய்டு களிம்பை வீட்டில் பல வாரம் தடவினார்கள். அவன் சொறிந்துகொள்ளவே இல்லை. அதனால் சிரங்கு என்று எனக்கும் தோன்றவில்லை.

காட்டிக்கொடுத்தது பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள். ஒன்றரை மாதத்தில் நான்கு பேர் விரலிடுக்கைச் சொறியத் தொடங்கினார்கள். "ராத்திரியானா தூங்க முடியல டீச்சர்" என்றாள் ஒருத்தி. இரவில் கூடும் அரிப்பு, வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு, விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பில் பருக்கள்: இவை சேர்ந்தால் சிரங்கைச் சந்தேகிக்க வேண்டும். முதன்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவர் அவன் செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தார். பூச்சிகளும் முட்டைகளும் நிறைந்திருந்தன. பெயர் செதில் சிரங்கு. நார்வேயில் 1848இல் தொழுநோயாளிகளிடம் கண்டு எழுதப்பட்டதால் நார்வே சிரங்கு என்றும் சொல்வார்கள். சாதாரணச் சிரங்கில் உடலில் பத்துப் பதினைந்து பூச்சிகள்தான் இருக்கும். இதில் ஆயிரக்கணக்கில், சில வேளை லட்சக்கணக்கில் இருக்கும். அரிப்பு என்பது பூச்சிக்கு எதிராக உடல் காட்டும் ஒவ்வாமை. நோய் எதிர்ப்புச் செயல்பாடு மாறுபட்டிருக்கும் குழந்தைகளிடம் அது குறைந்துவிடும், பூச்சி தடையின்றிப் பெருகும். ஸ்டீராய்டு களிம்பு நிலைமையை மோசமாக்கும். எச்.ஐ.வி. தொற்றுள்ள குழந்தைகளிடமும், கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு உள்ளவர்களிடமும் இதே ஆபத்து உண்டு. சாதாரணச் சிரங்கு பரவ நீண்ட நேரத் தோல் தொடுதல் வேண்டும். இதுவோ உதிர்ந்த செதிலிலும் துணியிலும் பரவும்.

செய்தி கசிந்ததும் சில பெற்றோர் அவனை இனிப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது என்றார்கள். யார் பெயரையும் சொல்லாமல், சிரங்கு பற்றி வகுப்பு முழுவதற்கும் ஒரே கடிதம் கொடுத்தேன். இதைத்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். மருத்துவர் சொன்னபடி அரிப்பு இல்லாதவர்கள் உட்பட அந்தந்த வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் பெர்மெத்ரின் களிம்பு பூசி, ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூசினார்கள். துணிகளை வெந்நீரில் துவைத்தார்கள். நான்கு பிள்ளைகளும் மறுநாளே வகுப்புக்கு வந்துவிட்டார்கள். அரிப்பு மேலும் இரண்டு மூன்று வாரம் இருந்தது. பூச்சி செத்த பின்னும் அது இருக்கும், மருந்து தோற்றதாக நினைத்து மீண்டும் மீண்டும் பூசக் கூடாது.

அவனுக்கு மட்டும் ஐவர்மெக்டின் மாத்திரையும் சேர்த்துப் பல தவணை சிகிச்சை தேவைப்பட்டது. மருத்துவர் அனுமதித்த அன்று பழைய பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்தான்.