பதினோரு மணிக்கு ஒரு காபி

வேலை போனால் சம்பளம் நின்றுபோகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதோடு பொழுதும் குலைந்துபோகும் என்பதை அளந்து காட்டியது ஆஸ்திரியாவின் மரியந்தால் கிராமம்.

வியன்னாவுக்கு அருகே, ஒரே ஜவுளி ஆலையை நம்பி வாழ்ந்த ஊர் அது. 1929-30-ல் ஆலை மூடப்பட்டது. மரி யஹோதா, பவுல் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரின் ஆய்வுக் குழு அந்த ஊரை ஆராய்ந்து, 1933-ல் நூலாக வெளியிட்டது. நாள் முழுக்க ஓய்வு, நூலகத்திலோ கட்டணம் இல்லை. ஆனாலும் ஊரார் இரவல் வாங்கிய புத்தகங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. தெருவில் நடந்த ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் குறைந்தது இரண்டு முறை வழியில் நின்றார்கள். 100 ஆண்களில் 88 பேர் கடிகாரம் அணிந்திருக்கவில்லை. போய்ச் சேர ஓர் இடம் இல்லாதவருக்கு மணி எதற்கு?

சம்பளத்தைத் தவிர வேலை ஐந்து விஷயங்களைத் தருகிறது என்று யஹோதா பின்னாளில் விளக்கினார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பொது நோக்கம், சமூகத்தில் ஓர் இடம், கைக்கு ஒரு காரியம்.

இவற்றில் முதல் இரண்டையும் ஒரு காபி திருப்பித் தரும். “பதினோரு மணிக்கு வந்துடறேன்” என்று ஒருவரிடம் சொல்லிவிட்டால், அன்று நேரத்தோடு எழுந்து குளித்து, சவரம் செய்து, தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பியாக வேண்டும்.

வேலைக்கு வழியும் அந்தச் சந்திப்பில் திறக்கலாம். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1970-களில் வெளியிட்ட ஆய்வின்படி, தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் ஆறில் ஒருவருக்குத்தான் அடிக்கடி சந்திக்கும் ஆள் உதவியிருந்தார். மற்றவர்களுக்கு உதவியவர்கள் எப்போதாவது பார்க்கிற பழைய சகாக்கள், அறிமுகக்காரர்கள். காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த சேதி பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே. தூரத்துப் பழக்கம்தான் புதிய சேதி கொண்டுவரும்.

காபி ஒருபோதும் சம்பளத்துக்கு ஈடாகாது; ஆனாலும் உதவும். வேலையிழந்தவர் தானாகக் கூப்பிடக் கூச்சப்படுவார். எனவே நீங்கள் கூப்பிடுங்கள். “ஒரு நாள் பார்ப்போம்” என்று சொல்லாமல், கிழமையும் மணியும் குறித்துச் சொல்லுங்கள். உட்கார்ந்ததும் “வேலை ஏதாவது கிடைச்சுதா?” என்று கேட்காதீர்கள். காபிக்குக் காசை நீங்களே கொடுங்கள். கிளம்பும் முன் அடுத்த சந்திப்புக்கும் நாள் குறித்துவிடுங்கள்.