விதைக் கௌபியும் கொட்டில் வெக்கையும்

விதைக்கென்று மூன்று கொத்துக் கௌபியைச் சீலையில் முடிந்து, இடம் மாறிய போதெல்லாம் கூடவே கொண்டு திரிந்த ஒரு தாய், அண்மையில் அம்முடிச்சை என் முன் அவிழ்த்தார். விதையைவிட ஓட்டையே அதிகம். "மழைக்குக்கூட நனையவிடேல்லை, சுவாமி" என்றார். நனைந்து வந்த கேடல்ல அது, வெக்கையால் வந்தது.

நமது உடல் மழையிலும் வெயிலிலும் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸில் நிற்கிறது. பூச்சி, தவளை, ஓணான், மீன் போன்ற குளிர்குருதிப் பிராணிகள் அப்படியல்ல. சூழலின் வெப்பத்தோடு அவற்றின் உடல் வெப்பமும் ஏறி இறங்கும். வெப்பம் கூடினால் முட்டை விரைவில் பொரிக்கும், புழு விரைவில் வளரும். குறைந்தால் எல்லாம் மந்தம்.

பயற்று வண்டின் கணக்கும் இதுதான். பெண் வண்டு விதைத் தோலில் முட்டையை ஒட்டிவிடும். வெள்ளைப் புள்ளியாகக் கண்ணுக்குத் தெரியும். ஒரு வண்டு நூறு முட்டை வரை இடக்கூடும். புழு விதைக்குள் துளைத்துச் சென்று, அங்கேயே தின்று வளர்ந்து, வண்டாகி வட்டத் துளையால் வெளியேறும். 30 பாகையில் இதற்கு மூன்று, நான்கு கிழமை போதும். 20 பாகையில் இரண்டு மாதத்துக்கு மேலாகும். நுவரெலியாக் குளிரில் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். வன்னியிலோ மன்னாரிலோ கொட்டிலுக்குள் வைத்த முடிச்சில், அறுவடைக்கும் விதைப்புக்கும் இடையில் நாலு தலைமுறை பெருகிவிடும்.

வளர்க்கும் வெப்பமே எல்லை கடந்தால் கொல்லும். விதை 57 பாகையில் ஒரு மணி நேரம் நின்றால் முட்டை, புழு, வண்டு எல்லாம் சாகும். நன்கு காய்ந்த விதையின் முளைதிறன் கெடாது. வெறும் பாயில் பரப்புவது போதாது. வண்டு நிழலுக்கு நடந்துவிடும், உள்ளேயிருக்கும் புழு தப்பிவிடும்.

ஆபிரிக்காவில், கமரூன் விவசாயிகளுக்காக 1990களின் தொடக்கத்தில் உருவான முறை எளியது. நிலத்தில் வைக்கோல் அல்லது சாக்கு, அதன்மேல் கறுப்புப் பொலித்தீன். விதையை ஒரு விரற்கடைத் தடிப்பில் பரப்பி, நிறமற்ற பொலித்தீனால் மூடி, ஓரமெல்லாம் மண் போட்டு இறுக்குங்கள். உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் விடுங்கள். முகில் மூடிய நாளில் செய்து பயனில்லை. பிள்ளைகள் படுக்கும் கொட்டிலுக்குள் விதைக்கு நஞ்சு கலந்து வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. இதற்கு நஞ்சே வேண்டாம்.

அறுவடை செய்து காய்ந்த உடனேயே இதைச் செய்யவேண்டும். சூடு ஆறியபின் காற்றுப் புகாமல் கட்டுங்கள். இல்லையேல் புதிய வண்டு வந்து முட்டையிடும்.

அந்தத் தாயின் முடிச்சில் ஓட்டையில்லாத விதை ஒரு சுண்டு தேறியது. அன்று மத்தியானமே அதை வெயிலில் மூடி வைத்தோம்.