பின்னால் வரும் பாரத்தையும் கவனியுங்கள்

போர் முடிந்து மக்கள் ஊர் திரும்பிய பின்னர், வன்னியில் பல வீடுகளில் லாண்ட்மாஸ்டரின் கைபிடி பெண்களின் கைக்கு வந்தது. கணவன் இல்லை, அல்லது காயப்பட்டு வீட்டில் இருக்கிறார். வயல் இருக்கிறது, இரண்டு சில்லு உழவு இயந்திரம் இருக்கிறது. உழுவதற்குப் பழகிக்கொண்ட சகோதரிகள் கூட, பின்னால் பெட்டியைக் கொழுவிக்கொண்டு வீதிக்கு வரும்போது தடுமாறுகிறார்கள். நானும் அப்படித்தான். உழவு பழக எனக்கு ஒரு வாரம் போதுமாக இருந்தது. பெட்டி இழுக்கப் பழகியது, ஒருமுறை வாய்க்காலுக்குள் விழுந்து எழும்பிய பிறகுதான்.

அது 2012ஆம் ஆண்டு, அறுவடைக் காலம். நெல் மூடைகளை ஏற்றிக்கொண்டு குளக்கட்டிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். மூடைகளுக்கு மேலே என் மகள் இருந்தாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. கட்டு முடியும் இடத்தில் பாதை இடப்பக்கம் திரும்பும். நான் வழமைபோல் இடது பிடியை அமத்தினேன். வண்டி வலப்பக்கம் திரும்பியது. பயத்தில் இன்னும் இறுக்கி அமத்தினேன். இன்னும் வேகமாக வலப்பக்கம் போய் வாய்க்காலில் இறங்கியது. மகளின் கை முறிந்தது. நெல்லில் பாதி தண்ணீரோடு போனது.

“பொம்பிளையளுக்கு ஏன் இந்த வேலை?” என்று கேட்டவர்கள்தான் அன்று அதிகம். மூடை தூக்க வந்த ஒரு பெரியவர் மட்டும், “பிள்ளை, பிழை உன்ர கையில இல்லை. இறக்கத்தில அது அப்பிடித்தான் திரும்பும்” என்றார். பிறகு மண்ணில் கோடு கீறி விளக்கினார். அவர் சொன்னதை இங்கே என் சொற்களில் தருகிறேன்.

கைபிடிகளின் கீழே இரண்டு பக்கமும் சிறிய பிடிகள் உள்ளன அல்லவா? இடது பிடியை அமத்தினால், இடது சில்லுக்கும் இயந்திரத்துக்கும் உள்ள தொடர்பு விடுபடும். வலது சில்லு மட்டும் தள்ளுவதால் வண்டி இடப்பக்கம் திரும்பும். சமதரையிலும் ஏற்றத்திலும் இது சரி. இறக்கத்தில் இயந்திரம் பெட்டியை இழுப்பதில்லை. பெட்டிதான் இயந்திரத்தைத் தள்ளுகிறது. கியரில் இருக்கும் இயந்திரம் இரண்டு சில்லுகளையும் ஓடவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் இடது பிடியை அமத்தினால், இடது சில்லு விடுபட்டு வேகமாக உருளும். வலது சில்லு மெதுவாகவே வரும். அதனால் வண்டி வலப்பக்கம் திரும்பிவிடும்.

பழைய ஓட்டுநர்கள் சிலர் இறக்கத்தில் எதிர்ப்பக்கப் பிடியை அமத்தித் திருப்புவார்கள். பதற்றத்தில் அந்தக் கணக்கு மறந்துபோகும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை. இறக்கத்தில் சிறு பிடிகளைத் தொடாமல், கைபிடி முழுவதையும் பலமாகத் தள்ளித் திருப்புவதே பாதுகாப்பானது. அப்படித் திருப்ப வேண்டுமானால் வண்டி நடை வேகத்தில் வரவேண்டும். ஆகவே இறங்கத் தொடங்க முன்னரே, மேலே நிறுத்திச் சிறிய கியருக்கு மாற்றிவிடுங்கள். பாதி இறக்கத்தில் கியர் மாற்ற முயலவேண்டாம். எரிபொருள் மிச்சம் என்று எண்ணிக் கிளச்சை அமத்தி உருளவிடவும் வேண்டாம். அப்படிச் செய்தால் பாரத்தைப் பிடித்து வைக்க இயந்திரம் உதவாது.

வன்னி சமதரைதானே, இறக்கம் எங்கே என்று நினைக்கலாம். குளக்கட்டும் மதகும் இல்லாத ஊர் இருக்கிறதா? அந்தப் பத்துப் பதினைந்து யார் தூரமே போதும்.

பாரத்தின் அளவை நாங்கள் பெரும்பாலும் குறைத்தே மதிக்கிறோம். 65 கிலோ மூடை 20 ஏற்றினால் 1,300 கிலோ. இயந்திரத்தின் எடையோ சில நூறு கிலோதான். மணல் ஒரு கியூப் என்பது 100 கன அடி. கால் கியூப் மணலே ஒரு தொன்னுக்கு மேல் வரும், ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். தன்னைவிடப் பல மடங்கு பாரமான ஒன்று பின்னால் வருகிறது என்ற நினைப்போடு ஓட்டவேண்டும். “ஒரு நடையில் முடித்துவிடலாம்” என்று கூலிக்குப் பிடிப்பவர் சொல்வார். கவிழ்ந்தால் அவர் வரமாட்டார்.

மாட்டு வண்டில் காலத்தில் முன்பாரம், பின்பாரம் பார்த்துத்தான் ஏற்றினார்கள். முன்பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அமத்தும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கும். பெட்டியிலும் அதே கதைதான். பின்பாரம் கூடினால் கொழுவிய இடம் மேலே இழுபடும், சில்லுகளுக்கு மண்ணில் பிடி குறையும். குளக்கட்டில் ஏறும்போது மூடைகள் பின்னால் சறுக்கினால் நிலைமை இன்னும் மோசம். பாரம் பெட்டியின் சில்லுகளுக்கு மேலே, கொஞ்சம் முன்னுக்கு இருக்கட்டும். பாரமானவை அடியில் இருக்கவேண்டும். கயிறு போட்டு இறுக்கிக் கட்டுங்கள். தண்ணீர்த் தாங்கி ஏற்றுவோர் அதை நிறைய நிரப்புங்கள், இல்லையேல் வெறுமையாகக் கொண்டுபோங்கள். அரைவாசித் தண்ணீர் திருப்பத்தில் ஒரு பக்கம் சரிந்து பெட்டியையும் சரிக்கும்.

அடுத்தது கொழுவும் ஆணி. அது தேய்ந்தாலோ தொலைந்தாலோ, கையில் அகப்பட்ட கட்டடக் கம்பியை வெட்டிச் செருகும் வழக்கம் எங்களிடம் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அளவான ஆணி, அது கழன்று வராமல் கீழே ஒரு பூட்டு ஊசி, அதற்கும் மேலாக ஒரு சங்கிலி வேண்டும். கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளில், வீடு போல அமைத்த பெரிய வாகனத்தின் பின்னால் சிறிய காரைக் கொழுவிக்கொண்டு விடுமுறைக்குப் போவார்கள். அங்கே இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாற்றிப் பூட்டுவது முறை. கொழுவி கழன்றாலும் இழுக்கும் தண்டு நிலத்தில் குத்தாமல் அந்தச் சங்கிலிகளின் மேல் தங்கும். பின்னால் வரும் கார் முழுவதும் கழன்றுபோனால் அதன் பிறேக் தானாகவே பிடிக்கும் ஏற்பாடும் உண்டு. எங்கள் பெட்டிக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு நல்ல சங்கிலி போதும், ஆனால் அது இருக்கவேண்டும்.

பெட்டியின் பிறேக், ஓட்டுபவரின் காலடியில் உள்ளது. பழைய பெட்டி வாங்கும்போது ரயரையும் நிறத்தையும் பார்ப்பார்கள், இதைப் பார்ப்பவர்கள் குறைவு. வெறும் பெட்டியோடு சமதரையில் ஓட்டி அமத்திப் பாருங்கள். இரண்டு சில்லும் ஒன்றாகப் பிடிக்கவேண்டும். தண்ணீருக்குள்ளால் கடந்து வந்தால் பிறேக் நனைந்து பிடிக்காது. மெதுவாகப் போய்க்கொண்டே சில தடவை இலேசாக அமத்தினால் காய்ந்துவிடும். வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு: 10 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பாரத்தைவிட, 20 கிலோமீற்றர் வேகத்தில் வரும் அதே பாரத்தை நிறுத்த பிறேக் நான்கு மடங்கு வேலை செய்யவேண்டும்.

ஆட்களை ஏற்றுவது பற்றி எழுத எனக்குத் தயக்கமாக இருக்கிறது. 2009இல் எங்களில் எத்தனையோ பேர் வீடு, குழந்தை, கிழவி எல்லாவற்றையும் பெட்டியில் ஏற்றிக்கொண்டுதான் இடம்பெயர்ந்தோம். இன்றும் கோயிலுக்கும் செத்தவீட்டுக்கும் வேறு வழி இல்லாத இடங்கள் உண்டு. ஏற்றித்தான் ஆகவேண்டுமென்றால், இழுக்கும் தண்டில் ஒருவரையும் இருத்தாதீர்கள். அங்கிருந்து தவறினால் நேரே சில்லின் கீழேதான். பாரத்தின் மேலும் இருத்தவேண்டாம். பிள்ளைகள் கால்களைப் பக்கவாட்டில் தொங்கவிட விடாதீர்கள். சேலைத் தலைப்பையும் பின்னலையும் செருகிக்கொள்ளுங்கள்.

இருட்டுகிற நேரத்தில் ஏ9 போன்ற வீதிகளில் வேகமாக வரும் பஸ்காரருக்கு எங்கள் பெட்டி தெரியவே தெரியாது. பின்பலகையின் இரண்டு ஓரத்திலும் சிவப்பு நிற ஒளிதெறிப்பான் ஒட்டுங்கள். பெரிய செலவில்லை. பெட்டியைவிட அகலமாக விறகோ வைக்கோலோ ஏற்றினால் அது மறைந்துவிடும். அன்று பகலோடு வீடு வந்துவிடுங்கள். சாரதி அனுமதிப்பத்திரத்தில் இதற்கென்று ஜி1 என்ற பிரிவு உள்ளது. வயலுக்குள் யாரும் கேட்கமாட்டார்கள். வீதியில் ஒரு விபத்து நடந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

மகளின் கை சுகமாகிவிட்டது. இப்போது அவளே ஓட்டுகிறாள். நான் பெட்டியில் இருந்தால், குளக்கட்டு வந்ததும் மேலே நிறுத்தி, “அம்மா, இறங்கி நடவுங்கோ” என்பாள். கீழே வந்த பிறகுதான் ஏற்றுவாள்.