இரு ஜெர்மனிகளும் கூட்டுறவும்

ஒரே மொழி, ஒரே மக்கள், இருவேறு ஆட்சிமுறைகள். 1949-ல் இரண்டாகப் பிரிந்த ஜெர்மனியைப் போல் பொருளாதார ஒப்பீட்டுக்கு ஏற்ற நாடு அரிது. உணவுப் பங்கீடு மேற்கில் 1950-ல் நீங்கிற்று. கிழக்கில் 1958 வரை நீடித்தது. மேற்குக்கு அமெரிக்க உதவி கிட்டியதும், கிழக்கிலிருந்த யந்திரங்களைச் சோவியத் நாடு போர் இழப்பீடாகப் பெயர்த்துச் சென்றதும் ஓரளவு காரணமே. முழுக் காரணம் அன்று.

அங்கத்தினர்கள் கருதத்தக்கது கூட்டுறவுப் பாடமாகும். ரைபைசன் கிராமக் கடன் சங்கங்களைத் தோற்றுவித்த நாடு அது. அவர் முறையை ஆராய்ந்தே பிரடெரிக் நிக்கல்சன் 1895-ல் சென்னை மாகாண அரசாங்கத்துக்கு அறிக்கை அளித்தார். அத்தகைய நாட்டின் கிழக்குப் பகுதியில், தனித்து நின்ற குடியானவர்கள் 1960-ல் சில மாதங்களுக்குள் நெருக்குதலால் கூட்டுப் பண்ணைகளில் சேர்க்கப்பட்டனர். பலர் நிலத்தைத் துறந்து மேற்கே சென்றனர். மறு ஆண்டு பெர்லினில் சுவர் எழுந்தது.

1990-ல் நாடு ஒன்றாயிற்று. நிலத்துடன் விலகும் உரிமையும் கிடைத்தது. ஆயினும் பல பண்ணைகளின் அங்கத்தினர்கள் தாமே கூடி முடிவு செய்து, அவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களாகப் பதிவு செய்துகொண்டனர்.

ஆகவே, சேர்ந்து உழுததில் குற்றமில்லை. வற்புறுத்திச் சேர்த்ததிலேயே குற்றம். புதிய அங்கத்தினரிடம் கையொப்பம் பெறுவோர் இதனை மறத்தலாகாது.